பிச்சாவரம் படகுப் பயணம்: கரையோரச் சுரபுன்னையும் அதற்குப் பின்னால் இருப்பவையும்

பிச்சாவரத்தில் படகேற எண்ணுபவர்கள் துடுப்புப் படகையே கேட்டு வாங்க வேண்டும், அதையும் வெயில் ஏறுவதற்கு முன் வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்விரண்டும் அமைந்துவிட்டால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் கட்டணத்தில் தமிழ்நாட்டில் கிடைக்கும் இயற்கைப் பயணங்களுள் இதற்கு ஈடானவை மிகச் சிலவே. ஆனால் அந்தப் படகு காட்டுவது அலையாத்திக் காட்டின் விளிம்பை மட்டுமே. அதற்குப் பின்னால் விரிந்து கிடக்கும் காட்டையும், அந்தக் காட்டையும் உப்பங்கழியையும் நம்பி வாழும் ஊர்களையும் ஓரளவு அறிந்து ஏறுபவருக்கும், அறியாமல் ஏறுபவருக்கும் ஒரே படகு இரண்டு வேறுபட்ட பயணங்களைத் தருகிறது. ஆகவே படகைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு மனமில்லை.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகப் பரப்பில் பிச்சாவரம் அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சதுப்பில் சிறிதும் பெரிதுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகள் உள்ளன; அவற்றைச் சுற்றியும் ஊடறுத்தும் எண்ணற்ற ஓடைகள் ஓடுகின்றன. மேற்கிலிருந்து கான்சாகிப் வாய்க்கால் முதலிய கால்வாய்கள் பாசன நீரின் மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்க, கிழக்கே சின்னவாய்க்கால் முகத்துவாரத்தின் வழியாக வங்கக் கடல் நாளொன்றுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. 2022ஆம் ஆண்டு பள்ளிக்கரணை, கரிக்கிலி ஆகியவற்றோடு பிச்சாவரமும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பேருந்தில் வரலாம். கிள்ளையில் ஒரு சிறிய ரயில் நிலையமும் உண்டு என்றாலும், வெளியூர்க்காரர்கள் சிதம்பரத்தில் இறங்கி வருவதே வசதி.

படகுத் துறையில் இரண்டு வகைப் படகுகள் கிடைக்கின்றன. துடுப்புப் படகில் நான்கைந்து பேர் அமரலாம். படகோட்டி ஒருவரே வலிப்பார். விசைப் படகில் இன்னும் சிலர் கூடுதலாக அமரலாம். அது அகன்ற கால்வாய்களில் விரைந்து சென்று, முகத்துவாரத்துப் பக்கம் வரையிலும் போய்த் திரும்பும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதிவைப்பதில் பயனில்லை. பணம் செலுத்துமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விசைப் படகைக் குறை சொல்வதற்கில்லை. கடலைப் பார்க்க வேண்டும், முதியவர்களை நெடுநேரம் வெயிலில் உட்கார வைக்க முடியாது என்ற நிலையில் அதுவே சரியான தேர்வு. ஆனால் குறுகிய ஓடைகளுக்குள் அது நுழைய முடியாது. இயந்திரத்தின் ஓசை கேட்டவுடன் கரையோரத்துக் கொக்கும் மீன்கொத்தியும் பறந்துவிடுகின்றன. பிச்சாவரத்துக்கு வந்து விசைப் படகில் மட்டும் போய்த் திரும்பியவர் ஒரு நல்ல ஏரியைப் பார்த்த நிறைவோடு திரும்புவார். காட்டுக்குள் போய் வந்தேன் என்று அவரால் சொல்ல முடியாது.

துடுப்புப் படகு துறையை விட்டு நீங்கியதும் அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கிறது. இந்தப் பகுதி பலருக்கும் சலிப்பூட்டக்கூடும். வெயில் நேராக விழும், நிழல் கிடையாது, காடு இன்னும் தொலைவிலேயே இருக்கும். பிறகு படகோட்டி ஓரிடத்தில் திடீரென்று திருப்புவார். பார்வைக்குப் புலப்படாத இடைவெளி ஒன்றின் வழியாகப் படகு உள்ளே நுழையும். இருபுறமும் சுரபுன்னை மரங்களின் முட்டு வேர்கள் வளைந்து வளைந்து நீருக்குள் இறங்கியிருக்க, மேலே கிளைகள் ஒன்றோடொன்று கூடிக் கூரையிட்டிருக்கும். சில இடங்களில் துடுப்பை வீச இடம் போதாமல், படகோட்டி அதை உள்ளே இழுத்து வைத்துவிட்டு வேர்களையும் கிளைகளையும் கையால் பற்றி இழுத்தே படகை நகர்த்துகிறார். பயணிகள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும். வெளியே இருந்த வெக்கை இங்கே சட்டென்று தணிந்துவிடுகிறது. நீரின் ஆழம் பெரும்பாலான ஓடைகளில் ஓர் ஆள் நிற்கும் அளவைத் தாண்டாது. ஆயினும் அடியில் இருப்பது கால் புதையும் சேறு என்பதால், கொடுக்கப்படும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

இந்தக் குறுகிய ஓடைகளுக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் பெரும்பாலான பயணிகள் ஒரு செய்தியை அறியாமலே திரும்புகிறார்கள். ஓடையின் இரு கரைகளிலும் நிற்கும் சுரபுன்னை, காடு முழுவதும் பரவி நிற்கும் மரம் அன்று. அலையேற்றம் எப்போதும் எட்டும் ஈரமான விளிம்பில் சில மீட்டர் அகலத்துக்கு மட்டுமே அது நெருங்கி வளர்கிறது. அதைக் கடந்து உள்ளே போனால் வெண்கண்டல் மரங்களின் நிலம் தொடங்குகிறது. பிச்சாவரத்தின் பெரும்பரப்பை ஆள்வது இந்த மரமே. இதற்கு முட்டு வேர்கள் கிடையாது. மண்ணுக்கு அடியில் ஓடும் வேர்களிலிருந்து விரல் பருமனில் ஆயிரக்கணக்கான மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். காற்றுப் புகாத சேற்றில் மரம் மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். உப்பைக் கையாள்வதிலும் இரண்டும் இரு வேறு வழிகளைக் கொண்டவை. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உப்பை உள்ளே வாங்கி இலைகளின் வழியாக வெளியேற்றுகிறது. மழையில்லாத நாளில் வெண்கண்டல் இலையின் மேல் விரலைத் தேய்த்து நாவில் வைத்தால் கரிப்பு தெரியும். இன்னும் மேடான, கரைப்பக்கத்து உவர் நிலத்தில் உமரிச் செடிகள் தரையோடு படர்ந்து சில பருவங்களில் சிவந்து காணப்படும். நீரிலிருந்து மேட்டை நோக்கிச் சுரபுன்னை, வெண்கண்டல், உமரி என்று அமைந்திருக்கும் இந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், படகில் இருந்தபடியே வேர்களின் இடைவெளியினூடே பின்னால் நிற்கும் வெளிர்நிற வெண்கண்டல்களை அடையாளம் காண முடிகிறது.

சுரபுன்னையின் கிளைகளில் முருங்கைக்காயைப் போல நீண்டு தொங்குபவற்றைக் காய்கள் என்று பயணிகள் சுட்டிக்காட்டுவார்கள். உண்மையில் அவை மரத்திலேயே முளைத்துவிட்ட கன்றுகள். விதை கீழே விழுந்து உப்பு நீரில் முளைப்பது கடினம் என்பதால், தாய்மரத்திலேயே முளைவிட்டு, ஓரளவு வளர்ந்த பின் அவை நீரில் விழுந்து மிதந்து சென்று சேற்றில் ஊன்றிக்கொள்கின்றன. சுரபுன்னையின் கலப்பினம் ஒன்று பிச்சாவரத்தில் கண்டறியப்பட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நினைவாகப் பெயரிடப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றின் கரையில், அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில்தான் இயங்குகிறது. பல தலைமுறை மாணவர்கள் இந்தச் சேற்றில் இறங்கிப் படித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு வருபவர்கள் மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. படகேறும் முன் ஐந்து நிமிடம் இந்த மரங்களைப் பற்றி யாரேனும் சொல்லித் தரும் ஏற்பாடு ஒன்று பயணத்தோடு இணைக்கப்பட்டால், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க நான் தயங்கமாட்டேன்.

அந்த ஏற்பாடு வரும்வரை படகோட்டியே நம் ஆசிரியர். இவர்களில் பலர் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்தவர்கள். கழியின் ஆழமும் அலையின் நேரமும் இவர்களுக்கு மனப்பாடம். ஆனால் பயணிகள் திரைப்படப் படப்பிடிப்பு எங்கே நடந்தது என்று மட்டுமே கேட்பதால், இவர்களும் எம்.ஜி.ஆர். நின்ற இடம், கமல் நின்ற இடம் என்று சொல்லப் பழகிவிட்டார்கள். மீன் எந்த மாதம் மிகுதி, முகத்துவாரம் எப்போது மணல் மூடும், மழைக்காலத்தில் நீரின் நிறம் எப்படி மாறும் என்று கேட்டுப் பாருங்கள். அதே மனிதர் வேறொருவராகப் பேசத் தொடங்குவார். வடகிழக்குப் பருவமழையின்போது நன்னீர் பெருகிக் கழியின் உப்பு வெகுவாகக் குறைவதையும், கோடையில் அது கடல்நீரின் உப்பையே எட்டிவிடுவதையும் நான் முதலில் தெரிந்துகொண்டது ஒரு படகோட்டியிடமிருந்துதான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீர்வரத்து குறைந்தால் பாதிக்கப்படுவது வயல் மட்டுமன்று, இந்தக் காடும்தான் என்பதை அவர் எந்தப் புள்ளிவிவரமும் இல்லாமல் விளக்கினார்.

துறையருகே உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏறாமல் திரும்பிவிடக் கூடாது. படகுக்கு முன்பாகவே ஏறிவிடுவது நல்லது. மேலிருந்து பார்க்கும்போதுதான் இந்தக் காடு ஒரே அடர்த்தியாக இல்லை என்பதும், இடையிடையே வெளிறிய வெற்றிடங்கள் இருப்பதும் புலப்படும். அந்த வெற்றிடங்களுக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், 1970கள் வரையில், இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முறைவைத்து முழுவதுமாக வெட்டி விறகுக்கு விற்கும் வழக்கம் அரசின் நிர்வாகத்திலேயே இருந்தது. வெட்டிய இடம் தானாக வளர்ந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் மரம் முழுவதும் போன இடத்தில் வெயில் நேராக விழுந்து, சேற்றின் ஈரம் ஆவியாகி, மண் சுருங்கித் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் ஏற்றத்தின்போது புகுந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மட்டும் மிஞ்சியது. அத்தனை உப்பில் வெண்கண்டலாலும் பிழைக்க முடியவில்லை. காடு அழிந்ததற்கு ஆடுமாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்கும் கிராமத்தாருமே காரணம் என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் கிராமங்களோடும் சேர்ந்து மேற்கொண்ட பணியில்தான் நோயின் மூலம் சரியாகப் பிடிபட்டது. தீர்வு எளிமையானது. தாழ்ந்த நிலத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன்முள் வடிவில் வெட்டி இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். கடல் ஏறும்போது உள்ளே வந்து, இறங்கும்போது தேங்கியிருந்த உப்பையும் சேர்த்து அள்ளிச் சென்றது. வாய்க்காலின் கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் கிராமக் குழுக்களுக்கும் பங்கு தரப்பட்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று, 1986க்கும் 2002க்கும் இடையே இங்கே காட்டின் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியிருப்பதாகக் காட்டியது. மனிதர் வெட்டி, மனிதரே மீட்டெடுத்த காடு என்பது தெரிந்த பிறகு கோபுரத்திலிருந்து பார்க்கும் பசுமையின் மதிப்பு எனக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை.

படகில் போகும்போது, கழுத்தளவு நீரில் குனிந்தும் அமர்ந்தும் நகரும் மனிதர்களைச் சில நேரங்களில் காணலாம். குளிப்பவர்கள் என்று எண்ணிப் பலரும் கடந்து போய்விடுகிறார்கள். அவர்கள் இருளர்கள், கையால் சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டோ, பல்லால் கடித்துக்கொண்டோ, இரண்டு கைகளாலும் நீருக்கடியில் துழாவிக்கொண்டே போவார்கள். வலையோ படகோ இல்லாமல், விரல் நுனியின் உணர்வை மட்டுமே நம்பிச் செய்யும் தொழில் இது. பெண்களும் ஆண்களும் செய்கிறார்கள். வேலை நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் அன்று, அலையின் ஏற்ற இறக்கம். மணிக்கணக்கில் உப்பு நீரில் ஊறிய கைகளும், நண்டுக் கொடுக்கும் சிப்பியும் கீறிய விரல்களுமாகக் கரையேறும் அவர்களுக்கு அன்றைய விலையைச் சொல்பவர் பெரும்பாலும் வியாபாரிதான்.

எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் ஆகிய குடியிருப்புகளில் வாழும் இவர்கள் நெடுங்காலம் சாதிச் சான்றிதழோ மனைப் பட்டாவோ இல்லாமல், காட்டுக்குள் அத்துமீறுபவர்கள் என்ற பெயரோடு வாழ்ந்தவர்கள். பழங்குடியினர் என்ற சான்றும், நிலமும் வீடும், பின்னர் வலையும் படகும் கிடைத்தது காடு மீட்புப் பணி தொடங்கிய பிறகுதான். வாய்க்கால் வெட்டியதிலும் கன்று நட்டதிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. ஆகவே படகில் இருந்தபடி அவர்களைப் படம் பிடிப்பதற்கு முன் கேட்டுவிட்டுப் பிடிப்பது குறைந்தபட்ச மரியாதை. துழாவிக்கொண்டிருக்கும் இடத்தின் மேல் படகை ஓட்டச் சொல்லி நச்சரிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். நாம் பொழுதுபோக்குக்காகக் கடக்கும் நீர் அவர்களுடைய வேலைக்களம்.

இறால் என்ற சொல்லோடு இந்தக் கடற்கரையின் இன்னொரு பக்கமும் நினைவுக்கு வருகிறது. 1990களில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகி, நிலத்தடி நீரும் வயலும் உவர்த்துப்போனபோது, சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அத்தகைய பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கிள்ளைச் சாலையில் வரும்போது இருபுறமும் கவனித்துப் பார்த்தால், வயலும் உவர்நிலமும் குளமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

விசைப் படகில் முகத்துவாரப் பக்கம் போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, கடலுக்கு நேரே மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய மீனவக் குடியிருப்புகள் உயிரிழப்பையும் பேரழிவையும் சந்தித்தன. காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை, வடக்குப் பிச்சாவரம், எம்.ஜி.ஆர். நகர், கலைஞர் நகர் போன்ற ஊர்கள் பெரும்பாலும் தப்பின. நெய்தல் நிலத்து ஊர்களுக்குக் கண்டலே, அதாவது அலையாத்தி மரங்களே, வேலி என்று பாடிய மரபு நமக்கு உண்டு. அந்த வேலி தொழிற்பட்டதை இந்த ஊர்க்காரர்கள் கண்ணால் கண்டார்கள். இதை வைத்து அறிவியல் உலகில் ஒரு விவாதமும் நடந்தது. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் சற்று மேட்டிலும் இருந்தன, எனவே முழுப் புகழையும் மரங்களுக்குக் கொடுக்க முடியாது என்று சிலர் எழுதினார்கள். அந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அன்று கழிக்குள் இருந்து மரக்கிளையைப் பற்றிப் பிழைத்தவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. அதன் பிறகு கிராமத்தார் காட்டைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

சிதம்பரம் கோயிலுக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள உறவைப் பலரும் மறந்துவிட்டார்கள். தில்லை என்பது இந்தச் சதுப்பில் வளரும் மரம். அதன் பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கோயிலின் தலமரம் அதுவே. ஆனால் இன்று ஊருக்குள் தில்லை வனம் கிடையாது. மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கழிக்கரைக்குத்தான் வர வேண்டும். காலையில் நடராசரை வணங்கிவிட்டு இங்கே வருகிற பக்தர்கள், படகோட்டியிடம் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தொட மட்டும் வேண்டாம்.

எப்போது போவது என்பதற்கு வருவோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும் காலம். மழை வலுக்கும் நாள்களில் படகு விடமாட்டார்கள் என்பதால், பறவைகளுக்காக வருபவர்களுக்குச் சனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. உள்ளான்களும் நாரைகளும் நீர்க்காகங்களும் காலை வேளையில் சேற்றுத் திட்டுகளில் இரை தேடிக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் முற்பகல் 10 மணிக்குப் பிறகு ஏறுவதைத் தவிர்க்கவே சொல்வேன். அலையைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஆதாயம் உண்டு. ஏற்றத்தின்போது படகு நெடுந்தூரம் உள்ளோடைகளுக்குள் போக முடியும். ஆனால் வேர்களின் பெரும்பகுதி நீரில் மூழ்கியிருக்கும். வற்றத்தின்போது சில ஓடைகளுக்குள் நுழைய முடியாது. ஆனால் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாயிருக்கும் சிறு நண்டுகளும், சேற்றின் மேல் துள்ளித் திரியும் மீன்களும், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியும். குழந்தைகளோடு போனால் நான் வற்றத்தையே தேர்ந்தெடுப்பேன். அலையின் நேரம் நாள்தோறும் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தள்ளிப்போவதால், முந்தைய நாள் போனவர் சொன்ன நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை விடுமுறைகளிலும் இந்தப் பயணத்தின் தரம் பாதியாகிவிடுகிறது. கூட்டம் மிகும்போது ஒரே ஓடைக்குள் படகுகள் வரிசைகட்டி நிற்கும். கைப்பேசியில் பாட்டு வைப்பவர்களும், எதிரொலி கேட்கக் கூச்சலிடுபவர்களும், தண்ணீர்ப் பாட்டிலை வேர்களுக்கிடையே வீசுபவர்களும் சேர்ந்துகொண்டால், பறவை எதுவும் பக்கத்தில் இருக்காது. வேர்களில் சிக்கிய நெகிழிப் பை எளிதில் வெளியேறுவதில்லை. கடல் அதைக் கொண்டுபோகும் என்று எண்ணி எறிபவர்கள், ஏற்றமும் இறக்கமும் அதை அதே ஓடைக்குள் முன்னும் பின்னுமாக உலவவிடுவதைப் பார்க்க வேண்டும். இதற்குத் துறையைக் குறை கூறி என்ன பயன்? வார நாளில் வந்தால் ஒரே ஓடை முழுவதும் உங்களுக்கே கிடைக்கும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. கழிக்கரைக்கு வந்துவிட்டு இறாலும் நண்டும் சாப்பிடாமல் போக மனம் வராது. ஆனால் வழியில் உள்ள எல்லாக் கடைகளிலும் அன்றைய பிடிப்பே கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு சாலையோரக் கடையில், விலையைக் கேட்காமல் நண்டு வறுவல் சொல்லிவிட்டு, மெலிந்த நண்டுக்குக் கொழுத்த தொகை கொடுத்து வந்தேன். மாறாக, வீட்டுத் திண்ணையை ஒட்டிப் பெண்கள் நடத்தும் சிறு கடைகளில், எண்ணெய் மிகாமல் பொரித்த சிறு இறாலும் மடவை மீன் குழம்பும் சோறும் மிக நன்றாக இருந்தன. களிநண்டு வாங்குவதாயிருந்தால் உயிரோடு கட்டிவைத்திருப்பதைப் பார்த்து, கையில் எடுத்துக் கனம் பார்த்து, விலை பேசிய பிறகே சமைக்கச் சொல்லுங்கள். குடிநீரும் தொப்பியும் கையோடு இருக்கட்டும். மாலையில் கொசு உண்டு.

ஒரு மணி நேரப் பயணம் போதுமா என்று கேட்பவர்களுக்கு, போதாது என்பதே என் விடை. அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்கவும் திரும்பவும் கணிசமான நேரம் போய்விடுவதால், குறும்பயணத்தில் ஓடைகளுக்குள் இருக்கும் நேரம் சொற்பமே. இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், வலிப்பவருக்கும் அவசரம் இருக்காது, நமக்கும் பேச்சுக்கும் பார்வைக்கும் இடம் கிடைக்கும். நால்வர் சேர்ந்து பகிர்ந்துகொண்டால் அந்தக் கூடுதல் தொகை பெரிதாகத் தெரியாது. தனியாக வருபவர்கள் துறையில் காத்திருக்கும் வேறு சிறு குழுவோடு பேசிச் சேர்ந்துகொள்ளலாம்.

மக்களைப் பார்ப்பதற்காக வருபவர் என்றால், மாசி மகத்தன்று கிள்ளைக்கு வாருங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காக அன்று கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். வழியில் தைக்காலில் இஸ்லாமியர்கள் பெருமாளுக்கு வரவேற்பளிப்பது நெடுங்கால வழக்கம். சுற்றுவட்டாரத்து உழவரும் மீனவரும் வணிகரும் ஒரே சாலையில் கூடியிருப்பதை ஆண்டில் அன்றைக்குத்தான் பார்க்க முடியும். ஆனால் அன்று சாலையில் வண்டி நகராது. படகுப் பயணத்தை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்துவிட்டு, இரவு சிதம்பரத்தில் தங்கிவிடுவது உத்தமம்.